அம்பு செய்தவனும் எய்தவனும்

நமது மதரஸாக்களில் ஓதப்படும் சட்ட நூல்களில், ஓதாமலே புரட்டப்படும் பாடங்கள் சில உண்டு. அடிமை விடுதலை பற்றிய பாடம் அவற்றுள் ஒன்று. அடிமைகளே இல்லாத காலத்தில் அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை என்று உஸ்தாதுமார் கடந்து விடுவர். பந்தயமும் அம்பெய்தலும் பற்றிய பாடம் மற்றொன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் அது சில பக்கங்களே கொண்ட சிறு பாடம். குதிரைப் பந்தயத்துக்கு ‘முஸாபகா’ என்றும், அம்பெய்யும் போட்டிக்கு ‘முனாழலா’ என்றும் பெயரிட்டு, இவ்விரண்டும் நபிவழியே என்று தொடங்கும். நமது கடற்கரையில் வில்லும் இல்லை, பந்தயக் குதிரையும் இல்லை. ஆகவே மாணவர்களும் கேட்பதில்லை, ஆசிரியர்களும் சொல்வதில்லை.

அந்தப் பக்கங்களை எழுத்தெழுத்தாக நான் ஓதிப் பார்க்கும்படியான ஒரு தேவை அண்மையில் வந்தது. அதன் பயனாக என் உள்ளத்தில் எழுந்த சில எண்ணங்களை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தங்கையின் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பொறியாளனாகப் பணிபுரிகிறான். ஐவேளைத் தொழுகையை விடாத பிள்ளை. அவன் எனக்கு எழுதிய நீண்ட மடலில், கடந்த நான்காண்டுகளாகக் கைத்துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் தான் கலந்துகொண்டு வருவதாகவும், அதற்கான தோட்டாக்களைத் தன் வீட்டிலேயே தன் கையாலேயே செய்வதாகவும் தெரிவித்து, மூன்று கேள்விகள் கேட்டிருந்தான். “மாமா, இது மார்க்கம் விரும்பும் அம்பெய்தலில் சேருமா? இதில் கிடைக்கும் பரிசுப் பணம் எனக்கு ஹலாலா? தோட்டா செய்வதில் மார்க்கம் சொல்ல ஏதேனும் உண்டா, அல்லது அது வெறும் கைத்தொழில்தானா?”

அம்மடல் வந்த அதே வாரத்தில் அவன் தாய், இராமநாதபுரத்திலிருந்து பேருந்தேறி, உத்தரகோசமங்கையில் உள்ள என் இல்லத்துக்கு வந்தாள். மகன் எனக்கு எழுதியது அவளுக்குத் தெரியாது. அவன் அனுப்பிய படம் ஒன்றைப் பார்த்துக் கலங்கிப் போயிருந்தாள். “காக்கா, நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான். அந்தச் சனியனைத் தூக்கிப் போடச் சொல்லுங்க. நம்ம பிள்ளைக பேரைப் பாத்தே ஆயிரம் கேள்வி கேக்குற காலம் இது. கையில துப்பாக்கி வேறயா?” என்றாள்.

மகன் அனுமதி கேட்கிறான். தாய் தடை கேட்கிறாள். இருவருக்கும் ஒரே விடையைச் சொல்ல வேண்டிய நிலையில், முதலில் அந்தத் தொழில் என்னவென்று அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அறியாத பொருளுக்குத் தீர்ப்புச் சொல்வது கற்றோர்க்கு அழகன்று. ஆகவே அவனிடம் பல கேள்விகள் கேட்டேன், பொறுமையாக விடையெழுதினான்.

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்தும் கேப்பு, உள்ளே இடும் மருந்து, வாயில் செருகும் குண்டு. சுட்ட பின் கூடு மட்டும் மிஞ்சும். அதனைப் பொறுக்கி, கழுவி, அச்சில் அழுத்திப் பழைய வடிவுக்குக் கொணர்ந்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் சேர்த்தால் அது மீண்டும் தோட்டாவாகும். அந்நாட்டில் தன் சொந்த உபயோகத்துக்கு இவ்வாறு செய்துகொள்ளச் சட்டம் இடந்தருகிறது. விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். நமது நாட்டிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றித் தோட்டா செய்வதையே குற்றமாக்கியிருக்கிறது. இந்த வேறுபாட்டை நம் இளைஞர்கள் மறந்துவிடலாகாது.

சரி, கடையில் தோட்டா கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் அவன் சுடும் துப்பாக்கி வேறு வகை. துப்பாக்கியின் குழல் பிடித்திருக்கும் கைக்கு மேலே அமைந்திருப்பதால், சுடும்போது பின்னுதைப்பில் குழல்முனை மேலே துள்ளும். அது இறங்கி மறுபடி இலக்கில் நிற்கும்வரை அடுத்த குண்டைச் சுட இயலாது. நொடியின் நூறில் ஒரு பங்கைக்கூடக் கணக்கிடும் போட்டியில் இந்தத் தாமதம் பெரிது. ஆகவே குழல்முனையில், மேல்நோக்கித் துளையிட்ட ஓர் உலோகத் துண்டைப் பொருத்துகிறார்கள். குண்டைத் தொடர்ந்து பீறிவரும் புகைக்காற்று அத்துளைகள் வழியே மேலே பாய, அந்த வேகம் குழலைக் கீழே அமுக்குகிறது. துள்ளலைக் காற்றே ஈடு செய்துவிடுகிறது. அதற்குக் ‘காம்பன்சேட்டர்’, அதாவது ஈடுசெய்வது என்று பெயர். அரபியில் மொழிபெயர்த்தால் ‘முஅவ்விழ்’ எனலாம். போட்டியில் வென்றவன் பெறும் பரிசுக்கு நம் சட்ட நூல்கள் இட்ட பெயர் ‘இவழ்’. இரண்டும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். இது பற்றிப் பின்னர் காண்போம்.

இந்த ஈடுசெய்யும் கருவிக்கு உணவு காற்று. விரைந்து எரியும் மருந்தானால், குண்டு குழலைக் கடக்குமுன்பே அதன் எழுச்சி அடங்கிவிடும். முனைக்கு வந்து சேரும் காற்று குறைவு. மெதுவாக எரியும் மருந்தைச் சற்று மிகுதியாக இட்டால், குண்டு வெளியேறும் தறுவாயிலும் காற்று திரண்டு நிற்கும். மிகுந்துவிட்டாலோ குழல்முனை இலக்குக்கும் கீழே தாழ்ந்துவிடும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும், ஒவ்வொரு கைக்கும் பொருத்தமான அளவு வேறு. ஆகவே அவன் நூல்களில் அச்சிட்டிருக்கும் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, மிகச் சிறு படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் பத்துத் தோட்டா செய்து, வேகம் அளக்கும் கருவிக்கு முன்னால் சுட்டு, குண்டுகள் தாளில் எவ்வளவு நெருங்கி விழுகின்றன, குழல் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்றெல்லாம் ஏட்டில் குறித்துக்கொள்கிறான். கோடையில் சுட்டுப் பார்த்ததைக் குளிரிலும் சுட்டுப் பார்க்கிறான். வெப்பத்தால் மருந்தின் வேகம் மாறும். ஓர் அளவு தேறுவதற்கு அவனுக்கு எட்டு மாதம் ஆயிற்றாம்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்புத் தோன்றவில்லை. வில்லுக்கு ஏற்ற எடையில் அம்பு அமைய வேண்டும் என்பது பழம்பெருங் கலையின் முதற்பாடம். பதினான்காம் நூற்றாண்டில் மம்லூக்குகளின் ஆட்சியில் வாழ்ந்த தைபுகா அல்பக்லமிஷீ போன்றோர் அம்பெய்தலுக்கென்றே அரபியில் தனி நூல் யாத்தனர். இவ்வளவு தொலைவு போவானேன்? நமது சீமையின் வளரியை எடுத்துக்கொள்வோம். இராமநாதபுரம், சிவகங்கை மறவர்கள் எறிந்த அந்த வளைகோலில், ஒரு முனை கனத்தும் மறு முனை மெலிந்தும் இருக்கும். எறிபவன் கைக்கு ஏற்ற கனம் அமையாவிட்டால் அது சுழலாது, விழும். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களுள் சின்ன மருதுவே தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தவர் என்று, அவர்களை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற ஆங்கிலத் தளபதி 1830இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எழுதிவைத்திருக்கிறார். கருவியைக் கைக்குப் பொருத்தும் கலை இந்த மண்ணுக்கு அந்நியமானதன்று.

இனி அவனுடைய முதற்கேள்வி. அம்பைப் பற்றிச் சொன்னது துப்பாக்கிக்கும் பொருந்துமா?

பந்தயப் பொருள் வைப்பதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மூன்றையே அனுமதித்தார்கள்: ஒட்டகம், குதிரை, அம்பு. நமது இமாம்கள் இம்மூன்றின் பொதுக் காரணத்தை ஆராய்ந்து, போருக்குப் பயன்படும் பயிற்சி என்பதே அது எனக் கண்டு, ஈட்டியும் கல்லெறி பொறியும் இதில் சேரும் என்றனர். ஆனால் ‘மின்ஹாஜ்’ நூலில், கூடாதவற்றின் வரிசையில், சதுரங்கத்தோடும் பந்தாட்டத்தோடும் ‘புந்துக்’ என்ற சொல்லும் வருகிறது. இன்றைய அரபியில் துப்பாக்கிக்கு ‘புந்துகிய்யா’ என்று பெயர், உருதுவிலோ ‘பந்தூக்’. இச்சொல்லைக் கண்ட மாத்திரத்தில் துப்பாக்கிப் போட்டி கூடாதென்று அவசரப்பட்டு விடுவோரும் இருக்கலாம். இமாம் நவவீ வாழ்ந்த காலத்தில் குழல்துப்பாக்கி ஏது? அக்காலத்தில் அச்சொல் குறித்தது, கொட்டையையும், அதனைப் போன்ற சிறு உருண்டையையுமே. பிற்கால உரைகாரர்கள் இதனைத் தெளிவுபடுத்தி, ஈயக் குண்டு அம்பைவிட வலிய படைக்கருவியாதலால் அதற்கு அம்பின் சட்டமே என்று எழுதியுள்ளனர். சொல்லின் வரலாறு தெரியாமல் சட்டம் சொல்லலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழில் இத்தொழிலின் சொற்களும் பயணம் செய்து வந்தவையே. ‘துப்பாக்கி’ துருக்கி மொழியின் வழியே வந்தது. ‘மருந்து’ நமது சொல். எனினும் நோய் தீர்ப்பதும் மருந்து, உயிர் போக்குவதும் மருந்து. பாரசீகத்தின் ‘தாரு’வும் அப்படியே இருபொருள் தாங்கி வடநாட்டு மொழிகளில் வழங்குகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் இட்டவர்கள், இரண்டிலும் அளவு பிசகினால் நேர்வது ஒன்றே என்பதை அறிந்திருந்தார்கள் போலும்.

எடையின் பெயரும் என்னைச் சிந்திக்க வைத்தது. மருந்தையும் குண்டையும் அவன் ‘கிரெயின்’ என்னும் எடையால் நிறுக்கிறான். ஓர் இராத்தலில் 7,000 கிரெயின். ஒன்று ஏறத்தாழ 65 மில்லிகிராம். அச்சொல்லின் பொருள் தானிய மணி என்பதே. அந்த எடை வாற்கோதுமை மணியிலிருந்து பிறந்தது. ஜகாத் பாடத்தில் நாம் ஓதுவதென்ன? ஒரு மிஸ்கால் தங்கம், நடுத்தரமான வாற்கோதுமை மணிகள் 72க்குச் சமம் என்பதன்றோ? ஏழையின் பங்கை நிறுத்த அதே மணியால்தான், உலகின் மறுகோடியில் ஒரு பிள்ளை தன் தோட்டாவுக்கு மருந்து நிறுக்கிறான். நம் பொற்கொல்லர்களும் நெல்லெடையையும் குன்றிமணியையும் வைத்துத்தான் பொன் நிறுத்தார்கள். சிறு மணியில் தவறினால் பெருங்கேடு என்னும் இடங்களிலெல்லாம் மனிதன் தானியத்தையே நம்பியிருக்கிறான்.

போட்டியின் விதிகளை அவன் விளக்கியபோதுதான், ஓதாமல் கடந்துவந்த அந்தப் பாடம் எனக்கு உயிருடன் எழுந்து நின்றது. குண்டின் எடையை கிரெயினிலும், வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் கண்டு, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். 124 கிரெயின் குண்டு நொடிக்கு 1,350 அடி சென்றால் 167.4. அவன் சார்ந்த அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி இவ்வெண் 165ஐ எட்டினால் ‘மேஜர்’, அதாவது வலிய அடி. எட்டாவிட்டால், 125க்குக் குறையாதவரை, ‘மைனர்’, அதாவது எளிய அடி. இலக்கின் நடுவில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளி. நடுவை விட்டுச் சற்று விலகினால் வலியவனுக்கு 4, எளியவனுக்கு 3. மேலும் விலகினால் 2, 1. பெற்ற புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்து வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. பின்னுதைப்பைத் தாங்கிச் சுடுபவனுக்கும், வலுவைக் குறைத்துக்கொண்டு எளிதாகச் சுடுபவனுக்கும் ஒரே மதிப்பு என்றால் அநீதியாகும் என்பது இவ்விதியின் உட்கருத்து.

நம் சட்ட அறிஞர்களும் இதே நுட்பத்தைக் கண்டவர்கள். அம்பு இலக்கில் வெறுமனே படுதல் ‘கர்உ’. துளைத்து நிற்காது விழுதல் ‘கஜ்க்’. துளைத்து நிலைத்து நிற்றல் ‘கஸ்க்’. ஊடுருவி அப்பால் போதல் ‘மர்க்’. இவற்றுள் எதனை அடியாகக் கணக்கிடுவது என்பதைப் போட்டிக்கு முன்பே இருவரும் தீர்மானிக்க வேண்டும்; ஒன்றும் சொல்லாவிட்டால் வெறுமனே படுதலே போதும் என்றனர். குறியின் துல்லியம் வேறு, அடியின் வலு வேறு. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று, வேகம் அளக்கும் கருவி பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் எழுதிவைத்தனர்.

மற்றொரு சட்டம் இன்னும் சிறப்புடையது. எய்பவனின் குறை ஏதுமின்றி நாணோ வில்லோ முறிந்தாலும், குறுக்கே ஏதேனும் வந்து அம்பு அதில் மோதினாலும், அந்த அம்பு இலக்கில் பட்டுவிட்டால் அவன் கணக்கில் வரவு. படாவிட்டால் அவன்மீது பற்று எழுதலாகாது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில், நம் நாட்டின் மனு பாக்கர் காற்றுத் துப்பாக்கித் தகுதிச் சுற்றில் சுட்டுக்கொண்டிருந்தபோது கருவி பழுதுற்றது. அதனைச் சீராக்குவதில் நெடுநேரம் கழிய, எஞ்சிய நேரத்தில் விரைந்து சுட வேண்டியதாகி, 575 புள்ளிகளுடன் பன்னிரண்டாம் இடத்தோடு திரும்பினார். எண்மர்க்கே இறுதிச் சுற்றில் இடம். செய்தியைப் படித்தபோது பரிதாபப்பட்டேன்; இப்பாடத்தை ஓதிய பின்னரோ, இழந்த நேரத்தை அப்பெண்மணியின் கணக்கில் எழுதுவது முறையா என்ற கேள்வியே எழுந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2024 ஜூலையில் பாரிஸ் நகரில் அதே போட்டியில் வெண்கலம் வென்று, துப்பாக்கிச் சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார்.

என் மருமகன் ஆடும் போட்டியிலோ, தோட்டா வெடிக்காமல் போனால் நேரம் நிற்காது, மறுவாய்ப்பும் இல்லை. “இது அநியாயம் அல்லவா மாமா?” என்று கேட்டிருந்தான். இல்லை என்றே எழுதினேன். ‘எய்பவனின் குறையின்றி’ என்று நம் நூல்கள் இட்ட நிபந்தனையைக் கவனி. வில் முறிந்தவன் வேறொருவன் செய்த வில்லை நம்பியவன். நீயோ உன் தோட்டாவை நீயே செய்தவன். அதில் நேரும் குறை உன் குறையே; பற்று உன் பெயரில் எழுதுவதே நீதி.

இரண்டாம் கேள்வி, பரிசுப் பணம். இதில் ஆழ்ந்து நோக்க வேண்டியிருந்தது. பெரிய போட்டிகளில் பரிசு தருவோர் கருவி உற்பத்தியாளர்களும் வணிகர்களும், சுடுபவர்கள் அல்லர். போட்டியாளர் இருவரும் அல்லாத மூன்றாமவர், ஆட்சியாளராயினும் குடிமக்களில் ஒருவராயினும், “உங்களில் முந்தியவருக்கு நான் இவ்வளவு தருகிறேன்” என்று சொன்னால் அது ஆகும் என்பது ‘மின்ஹாஜ்’ கூறும் தெளிவான சட்டம். அவ்வகைப் பரிசில் ஐயமில்லை. நுழைவுக் கட்டணமும் திடலுக்கும் இலக்கு அட்டைக்கும் செலவாவதாயின் அதிலும் குற்றமில்லை.

ஆனால் மடலின் ஓரத்தில் அவன் குறிப்பிட்ட மற்றொரு வழக்கம் இருந்தது. வாரந்தோறும் நடைபெறும் சிறு போட்டிகளில் நண்பர்கள் ஆளுக்குப் பத்து டாலர் வைத்து, வென்றவர் அத்தனையும் எடுத்துக்கொள்வார்களாம். ஒருமுறை அவனுக்கே தொண்ணூறு டாலர் கிடைத்ததாம். ஒவ்வொருவனும் இலாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையே நின்று பணம் வைப்பது சூதாட்டமே. குறி எவ்வளவு துல்லியமாயினும் அது ஹலாலாகாது என்று எழுதினேன். அதிலிருந்து மீள நம் நூல்கள் ஒரு வாயில் திறந்திருக்கின்றன. பணம் ஏதும் வைக்காத ஒருவர் அப்போட்டியில் சேர வேண்டும். அவர் வென்றால் எல்லாம் அவருக்கு. தோற்றால் அவருக்கு இழப்பில்லை. ‘முஹல்லில்’, அதாவது ஹலாலாக்குபவர் என்று அவருக்குப் பெயர்.

பிள்ளை குறும்புக்காரன். “எங்கள் திடலில் கை நடுங்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பணமின்றிச் சேர்த்துக்கொண்டால் போதுமா மாமா?” என்று மறுமடல் எழுதினான். நம் முன்னோர் அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். முஹல்லிலின் குதிரை மற்றவர் குதிரைகளுக்கு நிகராக இருக்க வேண்டும், வெல்லக்கூடியவனே முஹல்லில், ஒப்புக்கு நிற்பவன் அல்லன். இதைக் கண்டபின் அவன் அத்தொண்ணூறில் தன் பத்தை வைத்துக்கொண்டு, மற்ற எண்பதையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதினான். அவர்கள் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். ஈடுசெய்யும் கருவி குழலுக்கு மட்டும் போதாது. ஆசை துள்ளும்போது மனத்தைக் கீழே அமுக்கவும் ஓர் ஈடு வேண்டும்.

மூன்றாம் கேள்வியே என்னை அதிகமாக ஆட்கொண்டது. தோட்டா செய்வது வெறும் கைத்தொழில்தானா?

ஓர் அம்பின் பொருட்டால் மூவர் சுவனம் புகுவர் என்பது நபிமொழி. நன்மையை நாடி அதனைச் செய்தவர், அதனை எய்தவர், எய்பவருக்கு எடுத்துக் கொடுத்தவர். அறப்போரின் களத்தைக் குறித்துச் சொல்லப்பட்டது அது. விளையாட்டுத் திடலுக்கு அந்தப் பதவியைக் கேட்பது பேராசை. ஆயினும் அவ்வரிசையைச் சிந்தியுங்கள். எய்தவனுக்கு முன்பே செய்தவன் சொல்லப்படுகிறான். அவனிடம் கேட்கப்படுவது கைத்திறன் அன்று, எண்ணம். அம்பு எய்யப்படுமுன்பே, அது உருவாகும் பட்டறையிலேயே நன்மையும் தீமையும் தொடங்கிவிடுகின்றன.

பட்டறையில் அளவு பிசகினால் என்ன நேரும் என்பதை இராமநாதபுரத்துக்காரர்களுக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. 1985வரை சிவகாசி நமது மாவட்டத்தின் ஓர் ஊர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டுதோறும் சிறியதும் பெரியதுமாய் அத்துயரம் தொடர்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், வெடியுப்பைத் தூய்மையாக்கும் முறையை அரபியில் எழுதிவைத்தார். அந்நாள் முதல் இந்நாள்வரை மருந்து தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அலட்சியத்தை அது மன்னிப்பதில்லை.

தோட்டாவிலும் அப்படியே. ஒரு கூட்டில் மருந்து இடாமல் மறந்துவிட்டால், கேப்பின் வலு மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் நிறுத்திவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். கவனம் சிதறி ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்துவிட்டாலோ, துப்பாக்கி கையிலேயே சிதறிவிடும். அருகில் நிற்பவரும் தப்புவது அரிது. இதனால் அவன் தோட்டா செய்யும் அறையில் தொலைபேசியும் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை. மேசைமேல் ஒரு மருந்துக் குப்பிக்கு மேல் இருப்பதும் இல்லை. ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் குனிந்து பார்த்த பிறகே குண்டைச் செருகுவானாம். எனக்கு அது ஒளூச் செய்பவனின் கவனத்தை நினைவூட்டியது.

குண்டைச் செருகிய பின் என்ன? தோட்டா மூடிவிட்டது. இனி உள்ளே இருப்பதை எவரும் காண இயலாது. பெரிய போட்டிகளில் அதிகாரிகள் ஒவ்வொருவரிடமும் எட்டுத் தோட்டாக்களை எடுத்து நிறுத்தும் சுட்டும் சோதிக்கிறார்கள். 165ஐ எட்டாவிட்டால் அவருடைய அடிகள் யாவும் எளிய அடிகளாகக் குறைக்கப்படும். ஆனால் ஒருவன் கொண்டுவருவதோ நூற்றுக்கணக்கில். சோதனைக்கென்று வலிய தோட்டா சில, போட்டிக்கென்று துள்ளாத எளிய தோட்டா பல என்று செய்ய மனம் வைப்பவனைத் தடுக்க, எந்நேரமும் எந்த அதிகாரியால் இயலும்? செய்தவன் ஒருவனுக்கே உண்மை தெரியும். அவனைப் படைத்தவனுக்கும் தெரியும்.

நமது மிளகாய்ச் சந்தைகளில் மூட்டைக்கு நீர் தெளித்து எடை ஏற்றுவோரைப் பார்த்திருக்கிறோம். தராசு பொய் சொல்வதில்லை. மூட்டைதான் பொய் சொல்கிறது. அளவில் மோசம் செய்வோருக்கென்றே திருக்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயம் இறங்கியிருக்கிறது. அதனை வணிகருக்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூடிய பொருளைப் பிறர்முன் வைக்கும் ஒவ்வொருவனுக்கும் அது உரியது. தைத்து மூடிய மூட்டை, செருகி மூடிய தோட்டா, ஏன், மாணவன் சரிபார்க்க இயலாத ஆசிரியனின் விளக்கமும்கூட. இதனாலேயே தோட்டா செய்வது வெறும் கைத்தொழில் அன்று, அமானிதம் என்று அவனுக்கு எழுதினேன். செய்தவனும் எய்தவனும் ஒருவனேயாகும்போது, பழியைப் பகிர்ந்துகொள்ள வேறொருவர் இல்லை.

இனி, தங்கைக்கு என்ன சொல்வது? அவளுடைய அச்சம் அறியாமையன்று. பிள்ளையின் பெயரே சந்தேகத்துக்குப் போதுமானதாகிவிட்ட காலத்தில், தாயின் வயிறு கலங்குவது இயல்பு. அதை அலட்சியம் செய்து சட்டம் மட்டும் பேசுவது கல்வியாகாது. ஆகவே அவனுக்கு அனுமதியோடு சில நிபந்தனைகளையும் எழுதினேன். உயிருள்ள எதனையும் இலக்காக்கலாகாது. நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்தது அது. தலையும் தோளுமாக மனித வடிவில் வெட்டிய அட்டையும், தலையில்லாத எண்கோண அட்டையும் போட்டிகளில் உண்டு என்கிறாய். உன் வீட்டுப் பயிற்சிக்கு இரண்டாவதையே கொள். விளையாட்டாகக்கூட மனிதரை நோக்கிக் கருவியை நீட்டாதே. அந்நாட்டுச் சட்டத்தின் எல்லையை ஒரு மயிரிழையும் தாண்டாதே; எந்த அதிகாரி எப்போது கேட்டாலும் ஏட்டைத் திறந்து காட்டும்படி இரு. தோட்டாவை விற்காதே, இனாமாகவும் பிறருக்குக் கொடுக்காதே. படங்களைப் பெருமைக்காகப் பரப்பாதே. வாரம் தவறாமல் உன் உம்மாவிடம் பேசும்போது, இதை மறைக்காமல் பேசு.

நான் எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இளமையில் அம்பெய்தலில் பெரும் ஈடுபாடு கொண்டு, பத்துக்குப் பத்தும் குறி தவறாமல் எய்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பதையும் சொன்னேன். அதெல்லாம் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. எண்பது டாலரைத் திருப்பிக் கொடுத்த செய்தி வந்ததும் நிமிர்ந்து, “யாரும் கேக்காமலா குடுத்தான்?” என்றாள். ஆம் என்றேன். சற்றுநேரம் பேசாதிருந்து, “அப்படின்னா அளந்துதான் போடுவான்” என்றாள்.

சட்ட நூல்கள் பலவற்றைப் புரட்டி நான் வந்தடைந்த இடத்துக்கு, அந்தத் தாய் ஒரே அடியில் வந்துவிட்டாள். பிறர் காணாத இடத்தில் அளவைக் காப்பவன் கையில் மருந்து இருந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. அளவைக் காவாதவன் கையிலோ நெல்மணி இருந்தாலும் அஞ்ச வேண்டும். மூடிய பொருள்களிலெல்லாம் நேர்மையாளராக நம்மை வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக.